வெளிமுற்ற நிலத் தயாரிப்பு

வெளிமுற்ற நிலத் தயாரிப்பு என்பது, வீட்டை ஒட்டிய திறந்தவெளியில் தளக்கற்களைப் பாவுவதற்கு முன்னர் மண்ணை அகழ்ந்து, சரிவு அமைத்து, இறுக்கும் பணியாகும். இத்தகைய முற்றங்கள் ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் பரவலாக உள்ளன. தளத்தின் உறுதி பெரும்பாலும் அதன் அடியிலுள்ள அடுக்குகளையே சார்ந்துள்ளது.

அகழ்வுக்கு முன்

நிலத்தடி எரிவளிக் குழாய்களும் மின்கம்பிகளும் சேதமடைந்தால் உயிரிழப்பு நேரலாம். ஐக்கிய அமெரிக்காவில் 2007 முதல் இதற்கென 811 என்னும் பொதுத் தொலைபேசி எண் உள்ளது. அதில் முன்கூட்டியே அறிவித்தால் அவற்றின் தடங்கள் நிலத்தின்மேல் வண்ணத்தால் குறிக்கப்படும். மஞ்சள் எரிவளியையும், சிவப்பு மின்சாரத்தையும், நீலம் குடிநீரையும் குறிக்கும். வீட்டு உரிமையாளர் தாமே பதித்த குழாய்கள் பொதுவாக இதில் அடங்கா.

அகழ்வும் அடித்தளமும்

மேல்மண்ணிலுள்ள வேர்களும் மட்கும் பொருட்களும் சிதையும்போது தளம் தாழும். எனவே அம்மண் முற்றிலும் அகற்றப்படுகிறது. நடைக்கு மட்டும் பயன்படும் முற்றத்தில் பொதுவாக 100 முதல் 150 மி.மீ. வரை உடைகல் சல்லியும், அதன்மேல் 25 மி.மீ. மணலும், 60 மி.மீ. தளக்கல்லும் இடம்பெறும். ஆகவே அகழ்வின் ஆழம் ஏறத்தாழ 185 முதல் 235 மி.மீ. ஆகும். சல்லியை ஒரே தடவையில் கொட்டாமல், மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வுத் தட்டு இயந்திரத்தால் இறுக்குவர்.

வடிகால்

மழைநீர் சுவரை அடையாதிருக்க, வீட்டிலிருந்து விலகிச் செல்லும் வகையில் மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை சரிவு அமைக்கப்படும். குளிர்ப் பகுதிகளில், வண்டல் போன்ற நுண்மண்ணிலுள்ள நீர் உறையும்போது கீழிருந்து மேலும் நீரை ஈர்த்துப் பனிக்கட்டி அடுக்குகளாக வளர்ந்து தளத்தை மேலெழுப்பும். இதனால் அங்கு அடித்தளம் மேலும் ஆழமாக அமைக்கப்படுகிறது.