தந்தையின் சூளையும் மைந்தனின் எழுதுகோலும்

பள்ளிவாசல்களின் சுவர்களை அணிசெய்யும் வண்ண ஓடுகளை அரபியர் ‘காஷானி’ என்பர். பாரசீகர் ‘காஷி’ என்பர். முல்தான் நகரக் கைவினைஞர் தம் தொழிலைக் ‘காஷிகரி’ என்று வழங்குகின்றனர். இச்சொற்கள் யாவும் ஈரானில் பாலைநிலத்தின் ஓரத்தே அமைந்த காஷான் என்னும் ஊரின் பெயரிலிருந்து பிறந்தவை. ஓர் ஊரின் பெயரே ஒரு கைத்தொழிலின் பெயராகி மொழிகளைக் கடந்து சென்றதெனின், அவ்வூர்க் குயவர்களின் திறம் எத்தகையதென எண்ணிப் பாருங்கள்.

அக்குயவர்களுள் தலைசிறந்தது அபூதாஹிர் என்பாரின் குடும்பம். அவர் மைந்தர் முஹம்மது, 1215 இல் அபூஸைது என்னும் மற்றொரு கலைஞருடன் சேர்ந்து மஷ்ஹது நகரின் அடக்கத்தலத்திற்கு மிஹ்ராபு செய்தளித்தார். பேரர் அலீ, 1265 இல் வராமீன் நகரின் இமாம்ஸாதா யஹ்யா அடக்கத்தலத்திற்குப் பொன்னொளி வீசும் மிஹ்ராபை உருவாக்கித் தம் பெயரையும் அதில் பொறித்தார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் மங்கோலியர் ஈரானைச் சூறையாடினர். 1258 இல் பகுதாதும் வீழ்ந்தது. அரசுகள் சரிந்தபோதும் இக்குடும்பத்தின் சூளை அணைந்துபோய்விடவில்லை.

அலீயின் மைந்தருள் யூசுஃப் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். மற்றொரு மைந்தர் அபுல்காசிம் அப்துல்லாஹ் எழுதுகோலை ஏந்தினார். மங்கோலிய இல்கான்களின் அரசவையில் இடம்பெற்று, சுல்தான் உல்ஜாய்த்தூவின் வரலாற்றை எழுதியவர் இவரே. ஹிஜ்ரி 700 இல், அதாவது 1301 இல், மணிக்கற்களையும் நறுமணப் பொருள்களையும் பற்றிப் பாரசீகத்தில் ஒரு நூல் யாத்தார். ‘அராயிஸுல் ஜவாஹிர்’ எனத் தொடங்கும் அதன் பெயருக்கு ‘மணிகளாகிய மணப்பெண்கள்’ என்பது பொருள். மாணிக்கமும் முத்தும் கஸ்தூரியும் பேசப்பட்ட அந்நூலின் இறுதியில், அரசவை அறிஞர் எவரும் எதிர்பாராத ஓர் இயலைச் சேர்த்தார். அது குயவர் தொழிலைப் பற்றியது. அவருடைய தந்தையின் தொழில்.

அதில் அவர் எதையும் மறைக்கவில்லை. படிகக்கல்லின் மாவு பத்துப் பங்கு, உருக்கிப் பொடித்த கண்ணாடி ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு எனக் கலவையின் அளவைச் சொல்கிறார். நீலவண்ணம் தரும் கல், காஷானை அடுத்த கம்ஸர் என்னும் மலையூரில் கிடைப்பது. அதனைத் தொழிலாளர் ‘சுலைமானி’ என்பர். சுலைமான் நபியே அதைக் கண்டறிந்தார் என்பது அவ்வூரார் நம்பிக்கை. இதனையும் குறித்து வைத்தார்.

ஆயினும் அவர் எழுத்து உயிர்பெறுவது நெருப்பைப் பற்றிப் பேசும்போதுதான். பாண்டம் ஒவ்வொன்றையும் மூடியிட்ட மண்பெட்டிக்குள் வைத்து, சூளைச் சுவரில் வரிசையாகச் செருகிய சுடுமண் முளைகளின்மேல் அடுக்குவர். பன்னிரண்டு மணிநேரம் சீராக எரிக்க வேண்டும். முன்னிட்ட விறகின் புகை அடங்கிய பின்னரே அடுத்த விறகை இடவேண்டும். பகுதாதிலும் தப்ரீஸிலும் ‘ஸஃப்ஸாஃப்’ என்னும் ஆற்றோர மரத்தின் விறகை, புகையாதிருக்கும் பொருட்டுப் பட்டை உரித்து எரிப்பர். சூளை ஆறி, பாண்டங்களை வெளியே எடுக்க ஒரு வாரமாகும்.

பொன்மெருகு ஏற்றுவதற்கோ இதற்கு நேர்மாறான முறை. வெள்ளியும் செம்பும் கலந்த பூச்சால் பாண்டத்தின்மீது எழுதி, தனிச் சூளையில் இட்டு, எழுபத்திரண்டு மணிநேரம் இலேசான புகையூட்டுவர். முன்பு விலக்கிய புகையையே இப்போது வேண்டி அழைக்கின்றனர். காற்றின் உயிர்வளி குறைந்த அப்புகையில், உலோகம் கண்ணாடிப் பூச்சின்மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. ஆறிய பாண்டத்தை ஈரமண்ணால் தேய்த்தால் கரி நீங்கிப் பொன்னிறம் வெளிப்படும்.

விறகின் பட்டையை ஏன் உரிக்கவேண்டும் என்பதை அரசவையில் கற்றுக்கொள்ள முடியாது. இளமையில் சூளையருகே புகையில் கண் கலங்கி நின்ற ஒருவருக்கே அது நினைவிலிருக்கும்.

பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு காஷானின் பொன்மெருகுத் தொழில் மங்கிப்போயிற்று. அலீயின் மிஹ்ராபு தன் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, கைகள் பல மாறி, இன்று ஹவாய்த் தீவின் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. வராமீனில் அது நின்ற சுவர் வெறுமையாக உள்ளது. எனினும் அது எவ்வாறு செய்யப்பட்டது என்னும் அறிவு அழியவில்லை. இஸ்தான்புல்லில் காக்கப்பட்ட கையெழுத்துப் படிகளைக்கொண்டு 1935 இல் அவ்வியல் ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. காஷான் ஓடுகளை ஆராய்வோர் முதலில் நாடுவது அதனையே. மணிக்கற்களைப் பற்றி எழுதியோர் பலர். தந்தையின் சூளையைப் பற்றி எழுதியவர் இவர் ஒருவரே.

உழைக்கும் தந்தையரின் வியர்வையால் கல்வி பெற்றவர்கள் நம்மிடையே எண்ணற்றோர். தந்தையின் தொழிலைச் சபையில் சொல்லக் கூசுவோரும் உளர். அரசவையில் அமர்ந்த அபுல்காசிம் கூசவில்லை. மாணிக்கத்தோடு மண்ணையும் ஒரே நூலில் வைத்தார். கல்வியைத் தந்த கைகளுக்குக் கற்றவன் செலுத்தவேண்டிய கடன் அதுவே.