தொண்ணூற்றாறு ஆடும் பத்துப் பெண்களும்

விக்கிரமங்கலத்துக்கு நான் போனது ராஜாக்களைத் தேடி. கண்டது பத்துப் பெண்களை.

சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊரின் பெயரில் பழைய பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே போய் நின்றுவிட வேண்டும் என்று தோன்றும். விக்கிரமங்கலமோ கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர். சோழீசுவரர் கோயில் இருக்கிறது. புத்தர் சிலையும் உண்டு. எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நான் சிறு பையனாக இருந்தபோது இந்தப் பிரதேசமெல்லாம் திருச்சி ஜில்லா. 1995-ல் பெரம்பலூர் தனியாயிற்று. 2001-ல் அரியலூர் தனியாகி, மறு வருஷமே திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் பிரிந்தது. கூட்டுக் குடும்பத்தில்கூட இவ்வளவு வேகமாகப் பாகப்பிரிவினை நடப்பதில்லை!

கோயிலைப் பார்த்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே முற்றத்தில் பத்துப் பாய் போடும் இடத்தில் ஒன்பது பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு வாலிபன். மோட்டார் சைக்கிளில் வந்தவன். கையில் ஒரு சிறு யந்திரம். வாரத் தவணை வசூல் நடந்தது. கூடை முடைகிறவள், இட்லிக்கடைக்காரி, தையல் மெஷின் வைத்திருப்பவள், ஆடு வளர்ப்பவள் என்று ஒவ்வொருத்தியாகப் பணத்தை எண்ணி வைத்தாள். பத்தாவது பெயருக்கு மட்டும் ஆள் இல்லை. வாலிபன் நிமிர்ந்து பார்த்தான். ஒருத்தி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். ஐம்பது, நூறு என்று சேர்ந்து பத்தாவது தவணையும் கட்டப்பட்டது. வாலிபன் போய்விட்டான்.

"அந்த அம்மா ஏன் வரவில்லை?" என்று கேட்டேன்.

"அவங்க வீட்டுக்காரரை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, சார். நாங்க போட்டுட்டோம்" என்றாள் கூடைக்காரி. சற்றுப் பொறுத்து, "போடாம முடியாது" என்றும் சொன்னாள்.

அந்த இரண்டாவது வாக்கியந்தான் என்னைப் பஸ்ஸில் ஏறிய பிறகும் விடவில்லை. நான் எழுதுவதாக இருந்த நாவலை நிறுத்திவிட்டு இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைக் கவிஞர்கள் ஒரு விதமாகப் பார்க்கிறார்கள். கணக்குப்பிள்ளை பார்த்தால் அவை பேரேடு. 1010-ல் பூர்த்தியான அந்தக் கோயிலில் ராஜராஜனும், அவன் தமக்கை குந்தவையும், மற்றவர்களும் வைத்த பணம் சும்மா கிடக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டி நெல்லாகவும் ஏலமாகவும் சண்பக மொட்டாகவும் வந்து சேர்ந்தது. நகரத்து வணிகர்களிடம் வைத்த காசுக்கு வட்டி வாழைப்பழம்! வாழைப்பழத்தில் வட்டி வாங்கிய பாங்கி உலகத்தில் வேறெங்காவது உண்டா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

ஆனால் கவனியுங்கள்: கடன் வாங்கியவர்கள் நிலமுள்ள சபையாரும், கடையுள்ள வணிகரும். கூடை முடைகிறவளுக்கு அங்கே இடமில்லை. கையில் ஒன்றுமில்லாதவனுக்குக் கோயில் கொடுத்தது வேறு வகைக் கடன். அது ஆடு.

ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு. பசுவானால் 48, எருமையானால் 16. இவற்றை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு விளக்குக்கும் தினம் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். மிஞ்சிய பாலும் தயிரும் அவர்களுடையவை. முதல் இல்லாத தொழிலாளிக்கு முதலைக் கொடுத்து, உற்பத்தியிலிருந்தே தவணை வாங்குவது என்ற ஏற்பாடு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறது. எனக்கு இதில் பெருமைதான்.

பெருமையோடு நிறுத்திக்கொண்டால் நான் சரித்திர நாவலாசிரியன். ஆகையால் மேலே போகிறேன். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழமாகாத ஆடு! உண்மை ஆடு செத்துத்தான் போகும். ஆனால் செத்ததற்குப் பதில் குட்டிகளில் ஒன்று கணக்கில் ஏறும். கணக்கில் எப்போதும் தொண்ணூற்றாறு. மழை பொய்த்தாலும், மந்தையில் நோய் விழுந்தாலும் சுவாமி சந்நிதியில் விளக்கு எரிய வேண்டும். முதலைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா என்றால் அதற்கு வழியில்லை. மகனுக்கும் பேரனுக்கும் அது போய்ச் சேரும்.

இன்னும் ஒன்று. ஆடு வாங்கிய இடையனின் பெயரோடு கல்வெட்டு நிற்கவில்லை. அவன் தவறினால் நெய் அளக்க வேண்டியவர்கள் என்று உடன்பிறந்தான், சிற்றப்பன் மகன் முதலான உறவினர் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ராஜா பெயர் உள்ள அதே சுவரில், பிணை நின்றவர்கள் பெயர்! இதைப் படித்தபோது விக்கிரமங்கலத்து முற்றந்தான் என் கண் முன் வந்தது.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. 'கலிவரின் யாத்திரை' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் டப்ளின் நகரத்தில் பாதிரியாராக இருந்தபோது, தன் சொந்தப் பணத்தில் 500 பவுனை ஒதுக்கி, ஏழைக் கைத்தொழிலாளிகளுக்கு ஐந்தும் பத்துமாகக் கடன் கொடுத்தார். வட்டி கிடையாது. வாராவாரம் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஈடு? அண்டை வீட்டார் இரண்டு பேர் பிணை. மனித ஜாதியையே நம்பாத அந்த மனுஷர் நெசவாளியின் அண்டை வீட்டாரை மட்டும் நம்பினார். அவரைப் பின்பற்றிப் பிற்காலத்தில் அயர்லாந்தில் சுமார் 300 கடன் நிதிகள் ஏற்பட்டன.

ஜெர்மனியில் ரைபைசன் என்ற கிராம மேயர், 1846-47 பஞ்சத்தில் தம் ஊராருக்குக் கடனாக ரொட்டி கொடுக்கத் தொடங்கியவர், பிறகு கடன் சங்கங்களை அமைத்தார். ஒருவர் கடனுக்கு அத்தனை அங்கத்தினரும் தங்கள் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பு. சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பா போய் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய அறிக்கைகள் கொடுத்தார். நம் கிராமங்களுக்கு வேண்டியது ஒரு ரைபைசன்தான் என்பது அவர் முடிவு. 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கத்தில் திரூரில் சங்கம் பதிவாயிற்று.

பிறகு அரை நூற்றாண்டு. ரிசர்வ் பாங்க் நாடு முழுவதும் விசாரித்து 1954-ல் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு மூன்று. லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது ஏறக்குறைய எழுபது! காரணம் தேட வெகு தூரம் போக வேண்டாம். சங்கத்தில் பட்டா கேட்டார்கள். லேவாதேவிக்காரர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்; அப்புறம் முகத்தைக் காட்ட முடியாமலும் செய்தார்.

என் தாய்மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கத்தில் தறி வைத்திருந்த சிநேகிதர் ஒருவருக்காக மாமா ஒரு கையெழுத்துப் போட்டார். கடன் கொடுத்த இடம் இன்னதென்று சொல்வதற்கில்லை, சொல்லியும் பிரயோசனமில்லை. இரண்டு தீபாவளிச் சேலைப் பருவம் தவறிற்று. சிநேகிதர் ஒரு நாள் இரவு குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். மாமா நான்கு வருஷம் கட்டினார். அரை ஏக்கர் நஞ்சை போயிற்று. அத்தை அந்தச் சிநேகிதர் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதென்று உத்தரவு போட்டிருந்தாள். மாமா மட்டும், அத்தை கொல்லைப்புறம் போயிருக்கும் சமயம் பார்த்து, என்னிடம் சொல்வார்: "பாவு பிணைக்கிறதுல அவனுக்கு ஈடு கிடையாதுடா. ஆயிரம் இழை, ஒரு இழை தவறாது."

அதனால்தான் 1976-ல் பங்களாதேஷில் முகம்மது யூனுஸ் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குச் சுமார் 27 டாலர் கடன் கொடுத்த கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆனந்தமும் பயமும் சேர்ந்தே வருகின்றன. மூங்கில் முக்காலி செய்கிறவளுக்கு மூங்கில் வாங்கக் காசில்லை. வியாபாரியே கொடுத்து, அவன் சொன்ன விலைக்கே முக்காலியை எடுத்துக்கொண்டான். அந்தச் சங்கிலியை மிக அற்பத் தொகை அறுத்தது. நம் பக்கத்தில் 1989-ல் தர்மபுரியில் பெண்கள் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு பாங்கி 500 குழுக்களைப் பாங்கிகளோடு இணைத்துப் பார்க்கத் துணிந்தது. இவற்றில் எனக்குப் பிடித்த அம்சம், பெண்கள் முதலில் தாங்களே சேமித்தார்கள் என்பது. தங்கள் பணத்தில் தாங்களே ஒருவருக்கொருவர் கொடுத்துப் பழகிய பிறகே பாங்கிக்குப் போனார்கள். தவணை தவறியவளை என்ன செய்வது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யலாம்.

வெளியிலிருந்து கம்பெனி வந்து, ஒரே நாளில் பத்துப் பேரை உட்காரவைத்துக் குழு என்று பெயரிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமேது? ஆந்திராவில் அப்படித்தான் ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு கம்பெனிகள் கொடுத்தன. ஒன்றை வாங்கி மற்றொன்றைக் கட்டினார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூலும் நின்றது, கடனும் நின்றது. கூட்டுப் பிணை என்பது பத்துக் கைகள் சேர்ந்து ஒருத்தியைத் தூக்குவதற்கும் உதவும். பத்துக் கைகள் அவள் கதவைத் தட்டுவதற்கும் உதவும்.

அதற்காகக் கம்பெனியே வேண்டாம் என்று நான் சொல்லத் தயாரில்லை. இட்லிக்கடைக்காரியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, தான் முன்பு வாங்கிய தண்டல் கணக்கைச் சொன்னாள். எழுத்தில் 10,000, கையில் 8,500, தினம் நூறு வீதம் நூறு நாள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே போவதால், வருஷ வட்டி நூற்றுக்கு நூற்றிருபதுக்குமேல் வருகிறது! ராஜராஜன் பன்னிரண்டரையோடு நிறுத்திக்கொண்டான். கம்பெனி வட்டி இருபதைத் தாண்டியதுதான். என்றாலும் நூற்றிருபதிலிருந்து இறங்கி வந்தவளுக்கு அது பெரிய இறக்கம். பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அவளுக்கு உபதேசம் செய்ய முடியாது.

நான் திண்ணையைவிட்டு எழுந்திருக்கும் சமயம் பத்தாவது பெண் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறாள் போலிருந்தது, கையில் பிளாஸ்க். யாரும் தவணைப் பேச்சை எடுக்கவில்லை. அவளாகவே முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று விசாரித்து, இருந்த வரைக்கும் பிரித்துக் கொடுத்தாள். மூன்று பேருக்குப் போதவில்லை. அந்த மூவரில் கூடைக்காரியும் ஒருத்தி.

"வெள்ளிக்கிழமை தர்றேன் அக்கா" என்றாள்.

கூடைக்காரி, "முதல்ல சோறு தின்னு" என்று சொல்லிவிட்டு, மூங்கில் சிம்பை எடுத்து வகிர ஆரம்பித்தாள்.