மாறி மாறிக் கழித்தல்

இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களுள் மிகப் பெரியது அவற்றின் மீப்பெரு பொது வகுத்தி. அதைக் காண, பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து, மிஞ்சியதைக் கொண்டு மறுபடி கழிக்கும் முறை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

பொ.ஆ.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த ‘மூலகங்கள்’ நூலின் 7ஆம் பகுதி இதில்தான் தொடங்குகிறது. அவர் எண்ணை ஒரு கோட்டுத்துண்டாகக் காட்டினார். இரு துண்டுகளையும் மிச்சமில்லாமல் அளக்கும் மிக நீண்ட கோல் எது என்பதே கேள்வி. முடிவில் 1 மிஞ்சினால் அவை சார்பகா எண்கள்.

சீனாவின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ நூலில் இதே முறை வயல் அளக்கும் இடத்தில் வருகிறது. 91இல் 49 பங்கு என்ற பின்னத்தைச் சுருக்க வேண்டும். 91இல் 49 போக 42. 49இல் 42 போக 7. இனி 42இலிருந்து 7 ஏழாகக் கழித்துவந்தால் இரு பக்கமும் 7 நிற்கும். விடை 13இல் 7 பங்கு. இரண்டும் இரட்டை எண்களானால் முதலில் பாதியாக்கிக்கொள் என்கிறது அந்நூல்.

இந்தியாவில் தேவை வானத்திலிருந்து வந்தது. பொ.ஆ. 499இல் ஆரியபடர் தந்த குட்டகம், ஒரு கோள் குறித்த இடத்தில் நிற்க எத்தனை நாள் கழிந்திருக்க வேண்டும் என்பது போன்ற கணக்குகளைத் தீர்த்தது. குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. பெயர் அத்தனை பொருத்தம். அவர் கணக்கில் ஒரு யுகத்தில் சூரியனின் சுற்றுகள் 43,20,000, நாட்கள் 157,79,17,500. திரும்பத் திரும்பக் கழிப்பதற்குப் பதில் ஒன்றை மற்றொன்றால் வகுத்து, மீதியால் மீண்டும் வகுத்துக்கொண்டே போனால் 11,17,500, 9,67,500, 1,50,000, 67,500, 15,000, 7,500 என்று மீதிகள் தேய்ந்து, ஏழாம் வகுத்தலில் ஒன்றும் மிஞ்சாது. ஆக, பொது வகுத்தி 7,500. அதனால் சுருக்கினால் சுற்று 576, நாள் 2,10,389. கையால் கணக்கிட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! வகுக்கும்போது கிடைத்த ஈவுகளையும் அவர்கள் வீணாக்கவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கீழிருந்து மேலே பெருக்கிக் கூட்டி விடையை எட்டினார்கள். அந்த அடுக்குக்கு வல்லி, அதாவது கொடி, என்று பெயர்.

வகுத்தல்களின் எண்ணிக்கை சிறிய எண்ணின் இலக்கங்களைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டாது என்று 1844இல் பிரான்சின் லாமே நிறுவினார். 43,20,000க்கு ஏழு இலக்கம். வரம்பு 35, ஆனதோ ஏழே வகுத்தல். 1967இல் ஜோசப் ஸ்டைன் கணினிக்கென வெளியிட்ட முறை வகுத்தலையே விலக்கியது. அதில் இருப்பவை கழித்தலும், சீன நூல் முதலில் செய்யச் சொன்ன பாதியாக்கலும்தான்.