வர்க்கமூலமும் அடுக்கெண்ணும்: வல்லத்துக் கணிதர் சிவசங்கரநாராயண பிள்ளை

வர்க்கமூலம் இடம்பெறும் சமன்பாடுகளைத் தீர்ப்பதில் இந்தியக் கணிதத்துக்கு நெடிய மரபு உண்டு என்பதற்கு, இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியில் வரும் வண்டுக் கணக்கு நல்ல சான்றாகும். ஒரு வண்டுக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம், அதாவது தன்னைத்தானே பெருக்கினால் அப்பாதியைத் தரும் எண், ஒரு புறம் பறந்துவிட, மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கு வேறு புறம் செல்ல, எஞ்சியவை இரண்டு என்றால் கூட்டத்தில் எத்தனை வண்டுகள் என்பது கேள்வி. மூலத்தை ஒரு பக்கத்தில் தனியே நிறுத்தி இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்தினால் 72, 4½ என இரு விடைகள் கிடைக்கின்றன. 72இன் பாதியாகிய 36இன் மூலம் 6. ஒன்பதில் எட்டுப் பங்கு 64. இரண்டையும் சேர்த்து, எஞ்சிய 2ஐயும் கூட்டினால் 72 சரியாக வருகிறது. 4½ஐ இட்டுப் பார்த்தாலோ ஒரு பக்கம் 1½, மறுபக்கம் −1½ என நிற்கிறது. வர்க்கப்படுத்தும்போது மிகை, குறை என்னும் வேறுபாடு மறைந்துவிடுவதால் உள்ளே புகுந்த போலி விடை அது. விடை காண்பது பாதி வேலையே. கண்டவற்றுள் மெய்யானவை எத்தனை என்று தேர்ந்து தெளிவதே மீதிப் பாதி.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இரண்டாம் பாதி தனித்ததோர் ஆய்வுப் பொருளாக வளர்ந்தது. 1907இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில், இராமானுசன் 1913இல் ஒரு வினாவை எழுப்பினார். 2இன் அடுக்குகளிலிருந்து, அதாவது 2ஐ மீண்டும் மீண்டும் பெருக்கிவரும் எண்களிலிருந்து, 7ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது 1, 3, 5, 11, 181 என முழு எண்களே விடையாகின்றன. வேறு அடுக்குகள் உண்டா என்பதே அவ்வினா. √(32768 − 7) = 181 என்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது என்பதை நார்வே நாட்டுக் கணிதர் நாகெல் 1948இல் நிறுவினார்.

இத்தகைய வினாக்களை அவற்றின் முழு விரிவில் எழுப்பியவர் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்த சு. சிவசங்கரநாராயண பிள்ளை. ஓராண்டுக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்த அவர் செங்கோட்டைப் பள்ளியில் பயின்றார். பின்னர் தந்தையும் மறைந்து படிப்பு நின்றுவிடும் நிலை வந்தபோது, பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அவரைத் தொடர்ந்து படிக்கவைத்தார். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த ஊர்; பிள்ளையின் உயர்கல்வியும் அதே அரசின் எல்லைக்குள் இருந்த நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் நிகழ்ந்தது. 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கே. ஆனந்தராவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த அவர், 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்திலேயே தம் தலைசிறந்த பணிகளைச் செய்தார். எந்த மிகை முழு எண்ணையும் 73க்கு மேற்படாத எண்ணிக்கையிலான ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940இல் நிறுவியது அவற்றுள் ஒன்று.

வர்க்கம், கனம் முதலிய எல்லா அடுக்கெண்களையும் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என ஏறுவரிசையில் அடுக்கினால், அடுத்தடுத்த எண்களுக்கு இடைப்பட்ட வேறுபாடு சில இடங்களில் மிகச் சிறிதாக இருப்பதைக் காணலாம். வரிசையில் போதிய தொலைவு சென்றபின் எந்தக் குறிப்பிட்ட வேறுபாடும் மீண்டும் தோன்றாது, ஆகவே ஒவ்வொரு வேறுபாடும் வரம்புள்ள தடவைகளே நிகழும் என்பது 1945இல் பிள்ளை அச்சில் வெளியிட்ட அனுமானம். இராமானுசனின் 7 இவ்வனுமானத்துள் அடங்கும் வேறுபாடுகளுள் ஒன்று மட்டுமே. இரண்டு அடிமான எண்களை நிலையாக வைத்துக்கொண்டு அவற்றின் அடுக்குகளை மட்டும் மாற்றும்போது இது உண்மை என்பதை 1936இலேயே அவர் மெய்ப்பித்திருந்தார்.

1950இல் ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளவும், பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராயவும் புறப்பட்ட பிள்ளை, ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவுக்கு அருகே நிகழ்ந்த விமான விபத்தில் 49ஆம் வயதில் உயிரிழந்தார். இந்திய எண்கணிதம் இராமானுசனுக்குப்பின் அடைந்த பேரிழப்புகளுள் இது ஒன்று. அவர் விட்டுச்சென்ற அனுமானத்தில் வேறுபாடு 1 என்னும் நிலை மட்டுமே இதுவரை முழுமையாகத் தீர்ந்திருக்கிறது: 1844இல் கத்தலான் கருதியவாறு 8, 9 என்னும் இணை ஒன்றே உண்டு என்பதை மிகைலெஸ்கு 2002இல் நிறுவினார். வேறுபாடு 2 ஆகும்போது 25, 27 என்னும் இணை கண்முன் நிற்கிறது. அத்தகைய இணைகள் வரம்புக்குட்பட்டவையா என்பதைக்கூட இன்றுவரை எவரும் மெய்ப்பிக்கவில்லை. தென்காசி வட்டாரப் பள்ளிகளில் வர்க்கமூலச் சமன்பாடு கற்பிக்கப்படும்போது, அதே மண்ணில் பிறந்த ஒருவரின் கேள்வி இன்னும் உலகக் கணிதர்களை உழைக்கவைக்கிறது என்பதையும் மாணவர்க்குச் சேர்த்துச் சொல்வது, வல்லத்து அறிஞருக்குச் செய்யத்தக்க சிறந்த மரியாதையாகும்.