அங்கணம் முதல் எவர்சில்வர் தொட்டி வரை: சித்தூர்ச் சமையலறை ஒன்றின் வரலாறு

முன்னுரை

நம் சங்கத்து உறுப்பினர்களில் பலர் இப்போது ஊரிலுள்ள பெற்றோர் வீட்டைப் புதுப்பித்து வருகிறார்கள். ஓடு போய்க் கான்கிரீட் வருகிறது, சமையலறைக்கு மேடை வருகிறது, மேடையில் ஒரு தொட்டி வருகிறது. இந்தத் தொட்டியைத்தான் எல்லோரும் 'சிங்க்' என்கிறோம். சித்தூரில் எங்கள் வீட்டுக்கும் திருப்பதியில் என் தங்கையின் அடுக்ககத்துக்கும் தொட்டி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கடையில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பு. விலை மட்டும் ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. ஏன் என்று தேடப்போய்க் கிடைத்த செய்திகளையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சொல்லும் இடமும்

பாத்திரம் கழுவும் இடத்துக்குத் தமிழில் பழைய சொல் 'அங்கணம்'. திருக்குறளின் 720ஆம் குறளில் இச்சொல் வருகிறது. தகுதியற்ற அவையில் பேசுவதை அங்கணத்தில் கொட்டிய அமிழ்தத்துக்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். அப்படியானால், கழிவுநீர் விழும் அழுக்கு இடம் என்ற பொருள் அன்றே நிலைத்திருந்தது. நெல்லைப் பக்கத்தில் இன்றும் சமையலறை மூலையில் கழுவும் இடத்தை அங்கணம், அங்கணக்குழி என்பார்கள். எங்கள் வடக்குப் பக்கத்தில் முற்றம், தொட்டி, சலதாரை என்றே பேச்சு.

கழுவாத பாத்திரத்தை நாம் 'பத்துப் பாத்திரம்' என்கிறோம். பற்று என்பதுதான் பத்து ஆயிற்று: சோறு பற்றியிருக்கும் பாத்திரம். தெலுங்கில் இதையே 'அண்ட்லு' என்பார்கள். அண்டு என்றால் தெலுங்கில் ஒட்டு, தொடு என்று பொருள். நம் 'அண்டுதல்' அதற்கு உறவுச் சொல். இரண்டு மொழியிலும் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு, தொட்டால் தீட்டு என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1911இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து உருவான சித்தூர் மாவட்டத்தில், ஒரே வீட்டில் இரண்டு சொல்லும் புழங்குவதில் வியப்பில்லை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. எல்லைக் கோடு மாறினாலும் அடுப்படிப் பேச்சு மாறவில்லை.

அந்தத் தீட்டு எண்ணத்தால்தான் கழுவும் இடம் புழக்கடைக்குத் தள்ளப்பட்டது. வசதியான வீடுகள் பலவற்றில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் பின்வாசல் வழியாக வருவாள், கிணற்றடிக் கல்லில் குந்தித் தேய்ப்பாள், கழுவியதைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். சமையலறை நிலைப்படியை அவள் தாண்டக் கூடாது. வீட்டுக்காரப் பெண்ணே தேய்த்தாலும் குந்தித்தான் தேய்க்க வேண்டும்.

தரையிலிருந்து மேடைக்கு

ஏன் குந்தினார்கள்? பழக்கம் ஒன்று மட்டும் காரணமல்ல, பாத்திரமும் காரணம். பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் கனமானவை. விறகடுப்புக் கரி பிடித்தவை. புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து உடம்பு பாரத்தைக் கையில் இறக்கித் தேய்த்தால்தான் போகும். இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது. தண்ணீரும் கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவந்தது. குழாய் இல்லாத வீட்டில் மேடைத் தொட்டிக்கு வேலையே இல்லை.

ஆகவே தொட்டி மேலேறி வர மூன்று மாற்றங்கள் நடக்க வேண்டியிருந்தது. முதலாவது, மோட்டாரும் மாடித் தொட்டியும் வந்து சமையலறைக்குள் குழாய் திறந்தது. இரண்டாவது, எரிவாயு அடுப்பு வந்து சமையலே நின்றுகொண்டு செய்யும் வேலையானது. ஆந்திரத்தில் 1999இல் தொடங்கிய 'தீபம்' திட்டத்தின் மூலம், சுயஉதவிக் குழுப் பெண்களின் வீடுகளுக்கும் எரிவாயு இணைப்பு போய்ச் சேர்ந்தது. மூன்றாவதுதான் நம் கதாநாயகன், எவர்சில்வர்.

எவர்சில்வரின் பிறப்பு

ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்துக் குரூப் ஆலை 1912இல் குரோமியம், நிக்கல் கலந்த உருக்குக்குக் காப்புரிமை பெற்றது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி குரோமிய உருக்கை வார்த்தார். துருவை விரட்டுவது குரோமியம்தான். காற்றுப் பட்டதும் அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானே மறுபடி மூடிக்கொள்ளும். தமிழர்கள் இதற்கு 'எவர்சில்வர்', என்றும் வெள்ளி, என்று பெயர் வைத்தது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஈயம் பூச வேண்டாம், புளி போட வேண்டாம், கனமும் இல்லை. பழைய பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கி, பெயர் வெட்டி வைத்த தலைமுறை நம் அம்மாக்களுடையது. நமக்குப் பக்கத்திலேயே சேலத்தில் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டி, 1980களின் தொடக்கத்தில் தகடு உருட்டத் தொடங்கினார்கள். பாத்திரம் இலேசானதும் தேய்ப்பும் இலேசானது. அதன் பிறகே நின்றுகொண்டு கழுவ முடிந்தது. அதே தகட்டில் தொட்டியும் செய்ய முடிந்தது.

ஒரே பளபளப்பு, இரண்டு உலோகம்

இப்போது விலை வித்தியாசத்துக்கு வருவோம். '304' எனப்படும் தகட்டில் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 விழுக்காடு. நிக்கல் விலை உயர்ந்த உலோகம். 2007 மே மாதத்தில் உலகச் சந்தையில் டன் 50,000 டாலரையும் தாண்டியது. இந்தியாவில் நிக்கல் தாதுச் சுரங்கத் தொழில் வளரவில்லை. மாங்கனீசு நம்மிடம் தாராளம். இந்தியாவில் மாங்கனீசுச் சுரங்கத் தொழில் 1890களில் தொடங்கியதே ஆந்திரத்தின் வடகோடியில், அன்றைய விசாகப்பட்டின மாவட்டத்தில்தான்.

நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய '200 வரிசை' உருக்கு, கொரியப் போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது அமெரிக்காவில் வேகம் பிடித்தது. ஆனால் அது பெரிய அளவில் நிலைபெற்ற நாடுகளில் ஒன்று இந்தியா. இங்கே நிக்கல் 1 விழுக்காட்டுக்குக் கிட்டே இறங்கிய வகைகளும் உண்டு. ஏழை வீட்டுக்கும் எவர்சில்வர் தட்டு வந்ததற்கு இந்தச் சிக்கனம் ஒரு காரணம்; அதைக் குறை சொல்லக் கூடாது. தட்டு கழுவித் துடைத்தால் காய்ந்துவிடும். தொட்டியோ நாள் முழுக்க ஈரத்தில், உப்பில் கிடக்கிறது. அங்கே மலிவுத் தகடு மெல்லப் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும்.

சித்தூர்ப் பக்கம் பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவு. திருப்பதி நகருக்குக் கல்யாணி அணை நீரும் தெலுங்கு கங்கை நீரும் கிடைக்கின்றன. ஆனாலும் அடுக்ககங்களில் லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் கலந்தே வருகின்றன. நீர் இப்படியிருக்க, தொட்டிக்கு 304தான் ஏற்றது.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. 304இலும் ஒட்டாது, 200 வரிசையிலும் ஒட்டாது. சில கடைகளில் ஒரு சொட்டு மருந்து விட்டுக் காட்டுவார்கள். மாங்கனீசு மிகுந்த தகடு சிவக்கும். ரசீதில் '304' என்று எழுதி வாங்குவதும், வீட்டுத் தொட்டிகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13983 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. தடிமன் 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். 'கேஜ்' எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை மறக்க வேண்டாம். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ப்ளீச்சிங் பவுடரையும் தொட்டியில் ஊற்றக் கூடாது; எந்தத் தகடும் தாங்காது. வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைச் சாறு போதும்.

யாருக்காகத் தொட்டி?

கடையில் பத்து அங்குல ஆழத் தொட்டியைக் காட்டி, "சார், தண்ணி வெளிய தெறிக்காது, இதுதான் இப்ப ஓடுது" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கை வேலை செய்வது மேடை மட்டத்தில் அல்ல, தொட்டியின் அடியில். 32 அங்குல மேடையில் 10 அங்குலத் தொட்டி வைத்தால் அடிமட்டம் 22 அங்குலம். தேய்ப்பவர் முழுக்கக் குனிய வேண்டும். தரையிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்த வேலை மறுபடி கீழே இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் தினமும் தேய்க்கிறவர், பல வருடமாக வேலைக்கு வருகிற ஒரு அம்மா. முன்பெல்லாம் புழக்கடையோடு நின்றவர். அவரைக் கேட்காமல் அளவு வைப்பது சரியில்லை என்று தோன்றியது. மேஸ்திரி செங்கல் அடுக்க அடுக்க, அவரையே நிற்க வைத்துப் பார்த்தோம். "இன்னும் ரெண்டு அங்குலம் தூக்குங்க சாமி, முதுகு பிடிக்குது" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். 34 அங்குல மேடை, 8 அங்குல ஆழம் என்று முடிவானது. அடிமட்டம் 26 அங்குலம். மேடைக்குக் குப்பத்துப் பச்சைக் கிரானைட். அது நம் மாவட்டத்துச் சொத்து.

என் அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. "எல்லாம் சரிப்பா, பொங்கலுக்கு அண்டாவ எங்க போட்டுத் தேய்க்கிறது? முத்தத்துக் குழாய எடுத்துடாதீங்க." நியாயமான பேச்சு. முற்றத்துக் குழாயும் கல்லும் அப்படியே இருக்கின்றன. திருப்பதியில் தங்கை வீட்டில் முற்றம் இல்லாததால், நீளம் கூடிய ஒற்றைத் தொட்டியாக எடுத்தோம். இரண்டு சின்னக் கிண்ணமாகப் பிரித்தால் குக்கர்கூடப் படுக்காது.

முடிவுரை

வள்ளுவர் காலத்தில் அழுக்கிடமாக இருந்த அங்கணம் இன்று சமையலறையின் நடுவே, சன்னலுக்குக் கீழே வெளிச்சத்தில் இருக்கிறது. அதோடு கூட, புழக்கடையில் நின்ற ஒரு மனுஷியும் உள்ளே வந்திருக்கிறார். உலோகமும் குழாயும் பாதி வேலையைச் செய்தன. மீதிப் பாதி நம் மனத்தில் நடக்க வேண்டியது. சிங்க் உள்ளே வந்த பிறகும் வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகள் நம்மில் இருக்கின்றனவே.

கடல் கடந்து வாழும் நாம் படத்தைப் பார்த்து, பணத்தை அனுப்பி, தொட்டியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஊரில் எந்தத் தண்ணீர் வருகிறது? அந்தத் தொட்டி முன்னால் தினமும் நிற்கப் போவது யார், அவருடைய முழங்கை எவ்வளவு உயரம்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் கடைக்காரரின் பளபளப்பு உங்களை ஏமாற்றாது.