லயத்து முற்றத்தில் ஒரு மேடை: நடேசய்யரும் மீனாட்சியம்மாளும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கூத்துக்கென்று தனிக் கட்டடம் இருந்ததில்லை. ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட 'லயம்' என்னும் தொழிலாளர் குடியிருப்புகளின் முற்றமும், விடியற்காலையில் தப்பொலி கேட்டு ஆட்கள் திரண்டு அன்றைய வேலைப் பங்கீட்டைப் பெறும் 'பெரட்டுக்களம்' என்னும் வெளியும், மாரியம்மன் கோயில் திடலுமே அங்கு ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் இடம் தந்தன. மாசி மாதத்தில் நடைபெறும் காமன்கூத்து, மன்மதனை ரதி மணப்பதையும் சிவனின் நெற்றிக்கண் அவனை எரிப்பதையும் கணவனை இழந்த ரதி புலம்புவதையும் நாள்கணக்கில் நடித்துக் காட்டும் நேர்த்திக்கடன் கூத்தாகும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தம்மோடு கொண்டுவந்த அக்கூத்தில் ரதியின் வேடத்தையும் ஆணே கட்டினான். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து பறிக்கும் மலையில் எழும் பாட்டும் பெண்களுக்கு உரியவையாக இருந்தபோதிலும், கூட்டத்தின் முன் நின்று பாடும் உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அந்நிலையை மாற்றியவர்கள் ஒரு தம்பதி. மேடைத் தம்பதி என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருபவர்கள் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஆவர், அவ்விருவரும் சந்தித்ததே இலங்கையில் நாடகம் நடத்த வந்த இடத்தில்தான், 1926ஆம் ஆண்டில். மறு ஆண்டு மணந்து, ஆறு ஆண்டுகளில், 1933 டிசம்பரில், கிட்டப்பாவின் மறைவோடு அந்த இல்லறம் முடிந்தது. மலைநாட்டு இறம்பொடையில் 1923இல் டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெயரில் பிறந்து, பின்னர் ருக்மணி தேவியாகிச் சிங்களத் திரையின் முதல் நாயகியாக வளர்ந்தவரும், அவருடைய கணவரான நகைச்சுவை நடிகர் எடி ஜயமான்னவும் இன்னொரு இணையாவர். 1947 ஜனவரி 21 அன்று திரைக்கு வந்த முதல் சிங்களப் பேசும்படத்தில் இருவரும் நடித்தனர். ஆயினும் ருக்மணியின் கலை வாழ்க்கை கொழும்பையும் நீர்கொழும்பையும் சார்ந்தே அமைந்தது. தோட்டத்து மக்களின் முற்றத்துக்கு அது வந்து சேரவில்லை.

அந்த முற்றத்துக்கு வந்தவர்கள் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் ஆவர். காசுக்காக மேடை ஏறாத இவர்களைக் கலைத்தொழில் தம்பதி என்று முழுமையாக அழைக்க இயலாது என்றாலும், கூட்டம் சேர்ப்பது, சேர்ந்த கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது, தெரிந்த மெட்டில் புதிய செய்தியைச் சொல்வது ஆகிய மேடைத் தொழிலின் நுட்பங்கள் அனைத்தையும் பல ஆண்டுகள் ஒன்றாகக் கையாண்டவர்கள் என்ற வகையில், மலைநாட்டுக் கலை வரலாற்றில் இவர்களுக்கு நிகரான வேறொரு தம்பதியைச் சொல்வது கடினம்.

தஞ்சாவூரைச் சேர்ந்தவரான நடேசய்யர் இலங்கையில் தங்கி, 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய இதழ்களை நடத்தினார். அப்பதிற்றாண்டிலேயே சட்டநிரூபண சபையிலும் இடம் பெற்றார். தோட்டமோ அக்காலத்தில் துரை எனப்பட்ட வெள்ளைக்கார மேலாளரின் தனி இராச்சியமாக இருந்தது. வெளியார் அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் குற்றமாகும் என்பதால், நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு, துணி மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் சென்றார் என்பது மலைநாட்டில் இன்றளவும் சொல்லப்படும் செய்தியாகும். மலைநாட்டுத் தோட்டத் தொழிற்சங்க வரலாறு வேடம் கட்டுவதில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

1931 ஜனவரியில் அட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவியபோது, உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை சரிந்து, தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க முனைந்திருந்தனர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வகுக்கப்பட்டிருந்த கூலியே அவர்களுக்குச் சுமையாகத் தோன்றிய காலம் அது. எழுத்தறிவு அரிதாக இருந்த மக்களிடையே இவற்றைத் துண்டறிக்கையால் மட்டும் விளக்க முடியாது. வேலையை மேற்பார்வையிடும் கங்காணியின் கண்ணுக்கு அஞ்சி ஒதுங்கி நிற்பவரைச் சொற்பொழிவால் மட்டும் அருகில் அழைத்துவிடவும் முடியாது. இந்த இடத்தில்தான் மீனாட்சியம்மாளின் குரல் தேவைப்பட்டது. கூட்டத்தின் தொடக்கத்தில் அவர் பாடுவார். பாட்டைக் கேட்க மக்கள் நெருங்கி வருவர். அதன் பிறகு நடேசய்யர் பேசுவார். ரதியாக ஆணையே பார்த்துப் பழகிய மக்கள், ஒரு பெண் தன் கணவருடன் ஒரே மேடையில் நின்று, கூலியையும் உரிமையையும் பற்றிப் பாடியதை முதன்முறையாகக் கேட்டபோது அடைந்திருக்கக்கூடிய வியப்பை இன்று ஊகித்துப் பார்க்கவே முடியும்.

பாட்டால் துணை நின்றவர் என்று மட்டும் மீனாட்சியம்மாளைச் சுருக்குவது தவறாகும். பத்திரிகைப் பணியிலும் அவருக்குப் பங்கிருந்தது. பாடல்களையும் அவர் இயற்றினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாடல்கள் 1940இல் நூலாக வெளிவந்தன. சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் சில சதங்களுக்கு விற்கப்படும் மெல்லிய பாட்டுப் புத்தகம் அன்றைய தமிழகத்திலும் மலைநாட்டிலும் ஒரு தனி வணிகமாகவே விளங்கியது. கொலைச் சிந்தும் வெள்ளக் கும்மியும் சுமந்த அந்த வடிவத்தில் மீனாட்சியம்மாள் அரசியலை ஏற்றினார். அதற்கான காரணம் காலத்திலேயே இருந்தது: 1931இல் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டபோது இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன, 1939இல் இலங்கை அமைச்சரவை அரசுப் பணிகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை நீக்க முற்பட, இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. இந்த நெருக்கடியைப் பாடலாக்கி, இந்தியத் தொழிலாளரையும் சிங்கள அமைச்சர்களையும் ஒருசேர விளித்துப் பேசியவர் அவர்.

கணவரும் நாடக வடிவத்தை விட்டு விலகி நிற்கவில்லை. கங்காணி முறையையும் தோட்டத்து வாழ்வையும் பொருளாகக் கொண்ட 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற நாடகத்தை 1937இல் அவர் எழுதி வெளியிட்டார். மனைவியின் பாடல் நூலையும் கணவரின் நாடகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒரே வீட்டில், ஒரே மக்களுக்காக, மூன்றாண்டு இடைவெளியில் எழுதப்பட்ட அவ்விரண்டையும் தனித்தனியாக ஆராய்வதால்தான் நடேசய்யர் தொழிற்சங்கத் தந்தையாகவும், மீனாட்சியம்மாள் அவருடைய வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவும் எஞ்சிவிடுகின்றனர். இந்த ஒருதலைப்பட்சமான கணிப்பு மலையக இலக்கிய வரலாற்றின் பெருங்குறைகளுள் ஒன்றாகும்.

நடேசய்யர் 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அந்தத் தேர்தலுக்குப் பின்னரும் கூட்டங்களில் பாட்டு நிற்கவில்லை. புதிய சங்கங்கள் வளர்ந்து அவருடைய செல்வாக்கு மங்கிய 1940களிலும் இருவருடைய கூட்டுப்பணி தொடர்ந்தது. பதவி உயர்ந்தபோதும் தாழ்ந்தபோதும் மாறாத அந்தத் துணைமையே இவர்களது இல்லறத்தின் பற்றுக்குப் போதிய சான்றாகும்.

நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். மறு ஆண்டு நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மீனாட்சியம்மாள் எவர்களுக்காகப் பாடினாரோ அந்த மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.