ஓட்டுப் போட்டுக் கட்டிய வேலி!

உங்கள் தெருவிலிருந்து யாராவது ஒரு பையனோ பெண்ணோ 'சிலிக்கான் வேலி'க்கு வேலை பார்க்கப் போயிருக்கலாம். அடுத்த தடவை போனில் பேசும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உன் ஆபீஸ் இருக்கிற இடத்தில் முன்னாடி என்னப்பா இருந்தது?" பாதிப் பேர் முழிப்பார்கள்!

பழத்தோட்டம் இருந்தது என்பதுதான் விடை. ஆப்ரிகாட், செர்ரி, பிளம்... வசந்தம் வந்தால் சான்டா கிளாரா பள்ளத்தாக்கே வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீடு கட்டி விற்பவர்கள் வந்து இறங்கினார்கள். 1950-ல் சுமார் 95 ஆயிரம் பேர் வாழ்ந்த சான் ஹோசே நகரத்தில், 1970-ல் கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர்! யாரும் சதி செய்யவில்லை. ஒரு விவசாயி விற்றார். பக்கத்து நிலத்துக்கு விலை ஏறியது. அவரும் விற்றார். அவ்வளவுதான் கதை.

சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள நாபா பள்ளத்தாக்கில் சிலர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 'அடுத்தது நாமதான்' என்று அவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

நாபா என்றால் இன்று உலகத்துக்கே ஒயின் ஞாபகம் வரும். 1960-களில் அப்படி இல்லை. திராட்சையோடு பிளம் மரங்களும் மாடுகளும் இருந்த சாதாரண விவசாய ஊர் அது. ஒரு ஏக்கராக நிலத்தைத் துண்டு போட்டு விற்கச் சட்டம் அனுமதித்தது. துண்டு போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்!

1968-ல் கவுன்ட்டி நிர்வாகம் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஓர் அதிரடி செய்தது. பள்ளத்தாக்கின் விளைநிலத்தை 'விவசாயக் காப்பு நிலம்' என்று அறிவித்து, '20 ஏக்கருக்குக் குறைவாக யாரும் நிலத்தைப் பிரிக்கக் கூடாது' என்றது. அமெரிக்காவிலேயே இதுதான் முதல் தடவை. "என் நிலம், என் பத்திரம்... நான் எப்படி விற்றால் உங்களுக்கு என்ன?" என்று கொதித்தார்கள் சில நிலச்சொந்தக்காரர்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல விவசாயிகளுக்கு நிலம்தானே பென்ஷன்!

எட்டே வருடத்தில் காட்சி மாறியது. 1976-ல் பாரிஸில் நடந்த ஒயின் போட்டியில், பெயரை மறைத்துவிட்டு ருசி பார்க்கச் சொன்னார்கள். பிரெஞ்சு நடுவர்கள் முதலிடம் தந்த சிவப்பு, வெள்ளை ஒயின் இரண்டுமே நாபாவில் தயாரானவை! சிவப்பு ஒயினைச் செய்தவர் வாரன் வினியார்ஸ்கி. 1968-ல் அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர்.

கதை சுபமாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா? ஒரு ஓட்டை பாக்கி இருந்தது. கவுன்ட்டியை ஆள்பவர்கள் மொத்தம் ஐந்தே உறுப்பினர்கள். அதில் மூன்று பேர் கை தூக்கினால் போதும், காப்பு நிலம் காலி! ஒரு தேர்தலில் காற்று மாறி அடித்தால் முடிந்தது.

இங்கேதான் 1911-ல் கலிஃபோர்னியா மக்கள் பெற்ற ஓர் உரிமை கைகொடுத்தது. ரயில் கம்பெனிக்காரர்களின் பிடியில் அரசியல் சிக்கிக் கிடந்த காலம் அது. 'பிரதிநிதிகள் செய்யாவிட்டால் நாங்களே சட்டம் எழுதுவோம்' என்று மக்கள் வாங்கிய அதிகாரம். போதுமான கையெழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், விஷயம் நேரே ஓட்டுப்பெட்டிக்குப் போய்விடும்.

ஜெர்மனியில் பிறந்து நாபாவில் திராட்சை பயிரிட்ட ஃபோல்கர் ஐசலே உள்ளிட்டவர்கள் முன்னால் நின்றார்கள். 1990 நவம்பரில் 'மெஷர் ஜே' வாக்குச்சீட்டில் ஏறியது. 'விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டுமா? மக்களிடம் ஓட்டுக் கேள். 2020 வரை இதுதான் விதி.' சாராம்சம் இவ்வளவுதான். ஜெயித்தது!

எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். "மாஸ்டர் பிளான் போடுவது நிபுணர்கள் வேலை. ஆமாம், இல்லை என்று ஜனங்கள் ஓட்டுப் போட்டு எழுதுகிற காரியமா? அதுவும் 30 வருஷத்துக்கு?" கேள்வி லேசானதல்ல. 1995-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டான்லி மாஸ்க். திட்டத்தைத் திருத்த மக்களுக்கும் உரிமை உண்டு, பிடிக்காமல் போனால் அதே மக்களே அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். அதே 1995-ல் தெற்கே வென்சுரா நகரத்திலும், 1998-ல் வென்சுரா கவுன்ட்டியிலும் இதே பாணியில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நாபாவில் 2008-ல் மறுபடியும் வாக்கெடுப்பு. காவல் 2058 வரை நீண்டது.

இதற்கெல்லாம் விலை இல்லையா? உண்டு. கட்ட இடமில்லாததும் ஒரு காரணமாக, நாபாவில் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது. திராட்சை பறிப்பவரும் ஹோட்டலில் தட்டு கழுவுபவரும் பலர் வெளியூரிலிருந்துதான் தினமும் வந்து போகிறார்கள்.

இன்னொரு முரணும் இருக்கிறது. விளைநிலத்தைக் கட்டடத்திடமிருந்து காப்பாற்றியாயிற்று. சரி, மலைச்சரிவில் இருக்கும் ஓக் மரங்களைத் திராட்சையிடமிருந்து யார் காப்பாற்றுவது? தோட்டம் போட மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 2018 ஜூனில் 'மெஷர் சி' வாக்குக்கு வந்தது. ஒயின் தொழிலின் பெரும்பகுதி எதிர்த்து நின்றது. சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. ஒரு காலத்தில் வேலி கேட்டவர்கள், இப்போது வேலி வேண்டாம் என்றார்கள்!

மக்கள் ஓட்டுப் போட்டால் எப்போதும் நிலம் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் நிச்சயம். ஜெயித்தாலும் தோற்றாலும், என்ன நடக்கப் போகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. சான்டா கிளாராவின் ஆப்ரிகாட் மரங்களுக்காக அப்படி யாரும் ஓட்டுப்பெட்டி வைக்கவில்லை.

2058-ல் நாபாவின் காவல் முடிகிறது. அன்றைக்கு அங்கே ஓட்டுப் போடப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை!